கைக்கு அடக்கமான யூஎஸ்பி டிஏசி: அன்றாடம் பாட்டுக் கேட்க எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி

வணக்கம். அண்மையில் மாற்றிய கைப்பேசியில் ஹெட்போன் ஜாக் இல்லை. யூஎஸ்பி-சி துளை ஒன்றுதான் இருக்கிறது. மடிக்கணினியில் ஜாக் இருந்தாலும், ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் மெல்லிய கீச்சொலி ஒன்று கேட்கிறது. மவுஸை நகர்த்தினால் அந்தக் கீச்சொலியின் சுருதியும் கூடவே மாறுகிறது. ஆகவே இரண்டுக்கும் பொதுவாக, சட்டைப் பையில் அடங்கும் யூஎஸ்பி டிஏசி (எண்வடிவ ஒலியை ஹெட்போனுக்கான மின் அலையாக மாற்றும் சிறு கருவி) ஒன்றை வாங்கலாம் என்று எண்ணியிருக்கிறேன்.

என்னிடம் இருப்பவை இரண்டு. ஒன்று, வெளியே போகும்போது போட்டுக்கொள்ளும் இன்-இயர். அதன் பெட்டியில் 16 ஓம் என்றும், ஒரு மில்லிவாட்டுக்கு 110 டெசிபெல் என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். மற்றொன்று, இரவில் அமைதியாக உட்கார்ந்து கேட்பதற்கான ஓப்பன்-பேக் ஹெட்போன். அது 300 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 97 டெசிபெல். நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாவது கேட்பேன். பெரும்பாலும் ஸ்ட்ரீமிங்தான், சிடியிலிருந்து எடுத்து வைத்த ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கிய) கோப்புகளும் நிறைய உண்டு.

விவரப் பட்டியல்களைப் படிக்கப் படிக்கக் குழப்பம்தான் மிஞ்சுகிறது. ஒன்றில் 32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ் என்கிறார்கள், இன்னொன்றில் இரட்டைச் சிப் என்கிறார்கள், மூன்றாவதில் 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு வெளியீடு இருப்பதையே பெரிதாகக் காட்டுகிறார்கள். இவற்றில் எதை முதலில் பார்க்க வேண்டும், எதைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்று பழகியவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1

நீங்கள் ஹெட்போன்களின் எண்களை முதலிலேயே கொடுத்துவிட்டதால் பாதி வேலை முடிந்தது. டிஏசியைத் தேர்ந்தெடுக்கும் வேலையை டிஏசியின் விவரப் பட்டியலிலிருந்து தொடங்காமல் ஹெட்போனின் பெட்டியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல விரும்புவது. உங்கள் ஹெட்போனுக்கு எத்தனை வோல்ட் வேண்டும் என்பது தெரிந்துவிட்டால், பட்டியலில் இருக்கும் பெரும்பாலான வரிகள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபெல் என்ற அளவை வோல்ட்டுக்கு இத்தனை டெசிபெல் என்று மாற்றிக்கொள்ளுங்கள். இம்பீடன்ஸ் (ஓமில் சொல்லப்படும் மின்தடை) 16 ஓமாக இருந்தால் 18 டெசிபெல் கூட்ட வேண்டும். 32 ஓமுக்கு 15. 300 ஓமுக்கு ஏறத்தாழ 5. அப்படிப் பார்த்தால் உங்கள் இன்-இயர் ஒரு வோல்ட்டில் 128 டெசிபெல்லை எட்டும். ஓப்பன்-பேக் ஹெட்போன் அதே ஒரு வோல்ட்டில் 102 டெசிபெல்லை எட்டும். இரண்டுக்கும் இடையே 26 டெசிபெல் வேறுபாடு. ஒரே சாதனம் இந்த இரண்டையும் நன்றாக ஓட்ட வேண்டும் என்பதுதான் உங்கள் உண்மையான சிக்கல். பிட் கணக்கும் சிப் கணக்கும் அதற்குப் பிறகுதான்.

இனி, எவ்வளவு சத்தமாகக் கேட்பீர்கள் என்பதற்கு வருவோம். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவர்களுக்கு 80 டெசிபெல் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கும் எல்லை. மூன்று மணி நேரம் நாள்தோறும் கேட்கும் ஒருவர் சராசரியாக 75 டெசிபெல்லில் கேட்டால் செவிக்கும் நல்லது, இசைக்கும் குறைவிருக்காது. அதற்கு மேல் இசையின் உச்சங்களுக்காக 20 டெசிபெல் இடம் விட்டால் 95 டெசிபெல். இதை எட்ட உங்கள் 300 ஓம் ஹெட்போனுக்குத் தேவைப்படுவது அரை வோல்ட்டுக்கும் சற்றுக் குறைவு. இன்-இயருக்கோ 22 மில்லிவோல்ட் போதும். ஆம், மில்லிவோல்ட்தான், பட்டியலில் 2 வோல்ட், 4 வோல்ட் என்று பெருமையாகப் போட்டிருக்கும் இடத்தில் உங்கள் இன்-இயர் அதில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கையோ அதற்கும் குறைவாகவோதான் கேட்கிறது.

ஆகவே ஒரு வோல்ட் தரும் எளிய டாங்கிள் (யூஎஸ்பி துளையில் செருகும் சிறு டிஏசி) கணக்குப்படி இரண்டுக்குமே போதும்.

ஆனால் இன்-இயருக்கு வேறு ஒரு தேவை இருக்கிறது. அதுவே என் பார்வையில் மிக முக்கியமானது: அமைதி. பல சிறிய டாங்கிள்களில் ஒலியளவைக் குறைத்தாலும் வெளியீட்டு ஆம்ப்ளிஃபயரின் சொந்த இரைச்சல் குறைவதில்லை. அது அப்படியே நின்றுகொண்டிருக்கும். அந்த இரைச்சல் 10 மைக்ரோவோல்ட் என்று வைத்துக்கொண்டால், 128 டெசிபெல் உணர்திறன் உள்ள இன்-இயரில் அது 28 டெசிபெல் ஒலியாக வரும். அமைதியான அறையில் 'ஸ்ஸ்' என்று தெளிவாகவே காதில் விழும். 2 மைக்ரோவோல்ட்டாக இருந்தால் 14 டெசிபெல். பெரும்பாலான அறைகளில் அது இருப்பதே தெரியாது. உங்கள் 300 ஓம் ஹெட்போனில் இந்த இரண்டுமே கேட்காது. எனவே விவரப் பட்டியலில் வாட் எவ்வளவு என்று தேடுவதற்கு முன், இரைச்சல் எத்தனை மைக்ரோவோல்ட் என்று தேடுங்கள். லோ கெய்ன் (குறைந்த பெருக்கம்), ஹை கெய்ன் (கூடுதல் பெருக்கம்) என்று மாற்றும் வசதி இருந்தால், இன்-இயருக்கு எப்போதும் லோ கெய்னையே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வெளியீட்டு இம்பீடன்ஸ். இன்-இயரில் 16 ஓம் என்று போட்டிருந்தாலும், உள்ளே பேலன்ஸ்டு ஆர்மேச்சர் என்ற வகை டிரைவர்கள் (ஒலி எழுப்பும் சிறு பாகங்கள்) பல இருந்தால், ஒரு சுருதியில் அது 8 ஓமாக இறங்கும், வேறொரு சுருதியில் 40 ஓமாக ஏறும். டிஏசியின் வெளியீட்டு இம்பீடன்ஸ் 10 ஓமாக இருந்தால், அந்த இரண்டு இடங்களுக்கும் இடையே ஏறத்தாழ 5 டெசிபெல் ஏற்றத்தாழ்வு புதிதாக உண்டாகும். அதாவது இன்-இயரை வடிவமைத்தவர் நினைத்த ஒலி வேறு, உங்கள் காதுக்கு வருவது வேறு. வெளியீடு 1 ஓமாக இருந்தால் அதே ஏற்றத்தாழ்வு ஒரு டெசிபெல்லுக்கும் கீழே போய்விடும். ஹெட்போனின் இம்பீடன்ஸ் வெளியீட்டைப் போல எட்டு மடங்காவது இருக்க வேண்டும் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. இன்-இயருக்கு நான் அதைவிடக் கண்டிப்பாக, 1 ஓம் அல்லது அதற்குக் கீழே என்றே சொல்வேன். ஒரே ஒரு டைனமிக் டிரைவர் உள்ள இன்-இயரில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

நீங்கள் கேட்ட மற்றவை. மனிதச் செவி கேட்கும் மேல் எல்லை 20 கிலோஹெர்ட்ஸ், சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸ் மாதிரியெடுப்பு வீதம் (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்பது) 22 கிலோஹெர்ட்ஸ் வரை பதிவுசெய்துவிடும். 16 பிட்டின் வீச்சு, அதாவது மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையிலான தொலைவு, 96 டெசிபெல். 24 பிட்டுக்கு ஒரு நியாயமான பயன் உண்டு: உங்கள் இன்-இயருக்காக ஒலியளவை 33 டெசிபெல் குறைக்கும்போது அந்தக் குறைப்பு எண்ணளவிலேயே நடந்தால் ஐந்தரை பிட் செலவாகிவிடும், 24 பிட் பாதையில் அந்தச் செலவைத் தாங்க இடம் இருக்கிறது. 32 பிட்டும் 768 கிலோஹெர்ட்ஸும் கேட்பவருக்கு எதையும் கூட்டித் தருவதில்லை.

சிப்பின் பெயரைப் பற்றி ஒன்று. 2020 அக்டோபரில் ஜப்பானில் ஏகேஎம் நிறுவனத்தின் சிப் ஆலை தீப்பற்றியபோது, டிஏசி தயாரிப்பாளர்கள் பலர் அதே சாதனங்களை வேறு நிறுவனங்களின் சிப்புகளைக் கொண்டு மறுபடி வடிவமைத்தார்கள். இன்றைய சிப்புகளில் பெரும்பாலானவை செவியின் எல்லையைக் கடந்து நிற்பவை என்பதால்தான் அது முடிந்தது. மின்வழங்கல், வெளியீட்டுப் பகுதி, பலகையில் பாதைகளை இழுத்த விதம் ஆகியவைதான் ஒரு டாங்கிளை நல்லதாகவோ சுமாரானதாகவோ ஆக்குகின்றன.

மறுமொழி 2

மேலே சொன்ன கணக்குகள் அனைத்தும் சரி. ஆனால் கைப்பேசியோடு சேரும்போது நடப்பது வேறு சில உண்டு; அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கினால் வருத்தம் வரும்.

முதலாவது, யூஎஸ்பி-சியிலிருந்து 3.5 மில்லிமீட்டர் ஜாக்குக்கு மாற்றித் தரும் அடாப்டர்களில் இரண்டு வகை இருக்கின்றன. ஒன்றில் உள்ளே டிஏசி இருக்கும். மற்றதில் வெறும் கம்பி மட்டுமே இருக்கும். பின்னது, கைப்பேசியே தன் சொந்த டிஏசியிலிருந்து அனலாக் ஒலியை அந்தத் துளை வழியாக அனுப்பினால்தான் வேலை செய்யும். பல கைப்பேசிகள் அப்படி அனுப்புவதில்லை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பெட்டியில் டிஏசி உள்ளது என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, ஒலியளவு. சில டாங்கிள்கள் தமக்குள்ளேயே ஒலியளவுக் கட்டுப்பாட்டை வைத்திருக்கும். கணினியும் ஐபோனும் அதை ஒழுங்காக ஏற்றி இறக்கும். ஆண்ட்ராய்டில் சிலவற்றை அப்படி ஏற்ற முடியாமல், தொடக்க நிலையிலேயே நின்றுவிடும். அப்போது ஒரு வோல்ட் என்று பட்டியலில் இருப்பது உங்கள் கையில் அதில் ஒரு பகுதியாகத்தான் வரும். இன்-இயருக்கு அது போதும்; 300 ஓம் ஹெட்போனில் முழு அளவுக்கு ஏற்றியும் பாட்டு எங்கோ தொலைவில் கேட்பது போல இருக்கும். ஆகவே வாங்க நினைக்கும் மாதிரியை உங்கள் கைப்பேசியிலேயே செருகிக் கேட்டுப் பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு: பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் ஒலியளவுக்கு 15 படிகள்தான். உணர்திறன் மிகுந்த இன்-இயரில் இரண்டாவது படி போதாது, மூன்றாவது படி அதிகம் என்ற நிலை வரும். டாங்கிளிலேயே தனியாக ஒலியளவுப் பொத்தான்கள் இருந்தால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும். என் கருத்தில் அந்தப் பொத்தான்கள் இரண்டாவது சிப்பைவிட மதிப்பு மிக்கவை.

மூன்றாவதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். ஆண்ட்ராய்டு பொதுவாக எல்லா ஒலியையும் ஒரே மாதிரியெடுப்பு வீதத்துக்கு, பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு, மாற்றித்தான் வெளியே அனுப்பும். அதைத் தவிர்க்க, டிஏசியோடு நேரடியாகப் பேசும் ஒரு இசைச் செயலியை நிறுவினேன். செயலி கைப்பேசியின் ஒலியளவைத் தாண்டிப் போய்விடும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. டாங்கிளுக்குள் ஒலியளவுக் கட்டுப்பாடு இல்லை. இன்-இயரைக் காதில் வைத்துக்கொண்டே பாட்டைத் தொட்டேன்; முழு வோல்ட்டும் அப்படியே வந்தது. பிடுங்கி எறிய ஒரு நொடிகூட ஆகியிருக்காது. இருந்தாலும் அன்று மாலை வரை இடது காதில் ஓர் ஒலி ரீங்கரித்துக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு, எந்தப் புதிய டிஏசியையும் எந்தப் புதிய செயலியையும், இன்-இயரை மேசை மேல் வைத்துப் பாட்டை ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் காதில் வைக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஆண்ட்ராய்டு 14 முதல், மாற்றாமல் அனுப்பும் வழியை இயங்குதளமே செயலிகளுக்குத் தருகிறது. ஆயினும் அந்த 48 கிலோஹெர்ட்ஸ் மாற்றத்தைக் காதால் கண்டுபிடிப்பது மிகக் கடினம். அதற்காக மெனக்கெட வேண்டாம் என்பதே இப்போதைய என் எண்ணம்.

பேட்டரிக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 5 வோல்ட்டில் 60 மில்லிஆம்பியர் எடுக்கும் டாங்கிள் 0.3 வாட் தின்னும். 5000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரியில் ஏறத்தாழ 19 வாட்-மணி இருக்கும். ஐந்து மணி நேரம் கேட்டால் டாங்கிளுக்கு மட்டும் 8 விழுக்காடு போகும். 120 மில்லிஆம்பியர் எடுக்கும் சக்தி வாய்ந்த வகையென்றால் 16 விழுக்காடு. பாட்டை நிறுத்திவிட்டு டாங்கிளைச் செருகியபடியே விட்டாலும் பலவற்றில் செலவு தொடரும். கேட்டு முடித்ததும் கழற்றி வையுங்கள்.

மறுமொழி 3

முதல் மறுமொழியில் ஒரு வோல்ட் போதும் என்று முடித்திருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கணக்கு சரிதான், ஆனால் கேட்பவர் ஈக்வலைசர் போடுவார் என்பதை அந்தக் கணக்கு விட்டுவிட்டது. 300 ஓம் ஓப்பன்-பேக் ஹெட்போன்கள் பெரும்பாலானவற்றில் அடித்தள பாஸ் மெலிந்திருக்கும்; அதைத் தூக்கிவிட 6 டெசிபெல் கூட்டுவோம். கூட்டினால் உச்சங்கள் வெட்டுப்படாமல் இருக்க மொத்த அளவை 6 டெசிபெல் இறக்க வேண்டும். ஒரு வோல்ட் அங்கேயே அரை வோல்ட்டாகிவிடுகிறது. மேலும் எல்லாப் பதிவுகளும் இக்காலத் திரையிசை போல உச்சம் வரை நிரப்பப்பட்டவை அல்ல. வீணையின் நாதம் அடங்கி மறையும் இடம் வரை விட்டுப் பதிவுசெய்த பழைய தட்டுகளில் சராசரி அளவு மிகவும் தாழ்ந்து நிற்கும். இரண்டும் சேரும்போது, ஒலியளவு முழுதும் ஏற்றிய பிறகும் இன்னும் கொஞ்சம் இருந்தால் நன்றாக இருக்குமே என்று கை தேடும். 2 வோல்ட் தரும் டாங்கிளில் 6 டெசிபெல் கூடுதலாகக் கிடைக்கிறது. அந்த 6 டெசிபெல்லுக்காக நான் 2 வோல்ட் பக்கமே நிற்பேன். இன்றைய நல்ல டாங்கிள்களில் சாதாரண 3.5 மில்லிமீட்டர் ஜாக்கிலேயே 2 வோல்ட் கிடைக்கிறது.

பேலன்ஸ்டு வெளியீடு செய்வது பெரும்பாலும் அந்த வோல்ட்டை இரட்டிப்பாக்குவதுதான். உங்கள் இரண்டு ஹெட்போன்களுக்கும் அது தேவையில்லை. அதற்காகக் கேபிளை மாற்றி வாங்கும் செலவும் தேவையில்லை.

மடிக்கணினியின் கீச்சொலி பற்றி. மவுஸை நகர்த்தும்போது சுருதி மாறுகிறது என்று நீங்கள் எழுதியதே காரணத்தைச் சொல்லிவிடுகிறது: பிராசஸரின் வேலை ஏறி இறங்கும்போது மின்வழங்கலில் உண்டாகும் அலைவு, அதே பலகையில் இருக்கும் ஒலிப் பகுதிக்குள் கசிகிறது. வெளியே இருக்கும் டிஏசிக்குப் போனால் அது பெரும்பாலும் ஓய்ந்துவிடும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். ஹெட்போனுக்கு வேறெங்கும் எர்த் இணைப்பு இல்லாததால் அங்கே சுற்று உருவாகாது. அதே டிஏசியை மின்சாரத்தில் ஓடும் ஸ்பீக்கர்களோடு இணைத்துப் பார்த்தால், மடிக்கணினியின் சார்ஜர் எர்த்தும் ஸ்பீக்கரின் எர்த்தும் சேர்ந்து வளையமாகி, 'ம்ம்' என்ற முனகல் வரக்கூடும். அப்போது டிஏசி பழுது என்று எண்ணிவிடாதீர்கள். சார்ஜரைக் கழற்றினால் முனகல் நின்றுவிடும். விண்டோஸைப் பொறுத்தவரை, 10ஆம் பதிப்பின் 2017 புதுப்பிப்பிலிருந்து யூஎஸ்பி ஆடியோ 2க்கான டிரைவர் உள்ளேயே வருகிறது. தனியாக நிறுவ வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று. இது எந்தப் பட்டியலிலும் இருக்காது. கேபிள் உடலோடு ஒட்டியபடி வரும் டாங்கிளை வாங்காதீர்கள். கழற்றி மாட்டும் கேபிள் உள்ளதையே பாருங்கள். நான் முதலில் வைத்திருந்தது ஒட்டிய வகை. பையிலிருந்து கைப்பேசியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் கேபிள் உடலைச் சேரும் அந்தக் கழுத்து ஒரே இடத்தில் மடங்கும். எட்டாவது மாதத்தில் உறை வெடித்து உள்ளே செம்பு தெரிந்தது. பிறகு குறிப்பிட்ட ஒரு கோணத்தில் பிடித்தால்தான் வலது பக்கம் பேசும். டிஏசி நன்றாகத்தான் இருந்தது. கேபிளுக்காக முழுதையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. உடன் பணிபுரியும் நண்பர் ஒருவரிடம் இரண்டு டாங்கிள்கள் இருக்கின்றன: ஒன்று ஒரு வோல்ட் வகை, ஒட்டிய கேபிள், மற்றது 2 வோல்ட், கழற்றும் கேபிள், ஒலியளவுப் பொத்தான்கள் உள்ளது. இரண்டையும் ஒரு வாரத்துக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எதை எப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது என்று சொல்ல முடியுமா? என்னிடம் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று இருக்கிறது.

மறுமொழி 1

மல்டிமீட்டர் இருப்பது மிகவும் நல்லது. 2 வோல்ட் பற்றிய வாதத்தையும் ஏற்கிறேன். ஈக்வலைசரை நான் கணக்கில் எடுக்கத் தவறிவிட்டேன்.

ஒப்பிடும்போது பெரும்பாலோர் தவறுவது ஒலியளவில்தான். இரண்டில் எது சற்றே சத்தமாக இருக்கிறதோ அதுவே தெளிவாகவும், பாஸ் நிறைந்ததாகவும், விரிந்ததாகவும் தோன்றும். அது செவியின் இயல்பு. ஒரு டெசிபெல் வேறுபாட்டைச் சத்தம் என்று நாம் உணர்வதில்லை, தரம் என்று உணர்கிறோம். ஆகவே முதலில் அளவைச் சமப்படுத்துங்கள். 60 ஹெர்ட்ஸ் சைன் ஒலிக் கோப்பு ஒன்றை ஓடவிடுங்கள். சாதாரண மல்டிமீட்டர்கள் ஆயிரம் ஹெர்ட்ஸில் தவறாகக் காட்டக்கூடும், 60 ஹெர்ட்ஸில் சரியாகக் காட்டும். ஹெட்போனைச் செருகிய நிலையிலேயே, ஒரு பிரிப்பான் வழியாக, ஏசி வோல்ட்டை அளந்து, இரண்டு டாங்கிள்களிலும் ஒரே எண் வரும்வரை இசைச் செயலியின் ஒலியளவை நுணுக்கமாகச் சரிசெய்யுங்கள். ஒன்றில் 0.500 என்றால் மற்றதில் 0.494க்குக் கீழே போகக் கூடாது, அது 0.1 டெசிபெல். பிறகு நண்பரை மாற்றி மாற்றிச் செருகச் சொல்லி, எது என்று தெரியாமலே கேளுங்கள்.

வெளியீட்டு இம்பீடன்ஸையும் நீங்களே அளந்துவிடலாம். ஹெட்போன் எதுவும் இல்லாமல் ஜாக்கில் வோல்ட்டைப் பாருங்கள். பிறகு இடது பக்கத்துக்கும் எர்த்துக்கும் இடையே 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து மறுபடி பாருங்கள். 0.500 இருந்தது 0.485 ஆனால், 0.500ஐ 0.485ஆல் வகுத்து, ஒன்றைக் கழித்து, 33ஆல் பெருக்குங்கள்: ஏறத்தாழ 1 ஓம். சில டாங்கிள்கள் ஜாக்கில் எதுவும் இல்லையென்றால் ஒலியையே நிறுத்திவிடும். அப்போது முதல் அளவுக்கு 1000 ஓம் ரெசிஸ்டரை வையுங்கள்.

இரைச்சலுக்கு மட்டும் மீட்டர் உதவாது. 10 மைக்ரோவோல்ட்டை அது காட்டாது. அதற்கு இரவுதான் வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, இன்-இயரைப் போட்டு, வெறும் நிசப்தம் மட்டுமே பதிவான கோப்பு ஒன்றை ஓடவிடுங்கள். கோப்பு ஓட வேண்டும். ஓடாவிட்டால் சில டாங்கிள்கள் வெளியீட்டைத் தாமாகவே அணைத்துவிட்டு அமைதியாக இருப்பது போலக் காட்டும்.

மறுமொழி 4

தாமதமாக வருகிறேன், இரண்டு சிறிய செய்திகள் மட்டும். கைப்பேசி அழைப்புகளுக்கும் இதே இன்-இயரைப் பயன்படுத்துவீர்கள் என்றால், டாங்கிள் மைக்கை ஏற்கிறதா என்று பாருங்கள். நான்கு முனைப் பிளக் இருந்தாலும் பல இசைக்கான டாங்கிள்கள் மைக்கைக் கண்டுகொள்வதில்லை, 4.4 மில்லிமீட்டர் ஜாக்கில் மைக்குக்கு இடமே கிடையாது. கைப்பேசியில் ஒரே துளை என்பதால், சார்ஜ் செய்துகொண்டே கேட்கப் பிரிப்பான் ஒன்று வேண்டும். அதில் சில, சார்ஜ் ஏறும்போது 'டிக் டிக்' என்று இரைச்சலை உள்ளே விடுகின்றன. பயணத்தில் அதிகம் சார்ஜ் செய்பவர் என்றால், ப்ளூடூத்திலும் யூஎஸ்பியிலும் வேலை செய்யும், சொந்தப் பேட்டரி உள்ள சிறு கருவிகளையும் பாருங்கள். எல்டாக் என்ற ப்ளூடூத் கோடெக் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) அதிகபட்சமாக நொடிக்கு 990 கிலோபிட் அனுப்பும். ஸ்ட்ரீமிங்குக்கு அது தாராளம்.

கேட்டவர்

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். முதல் மறுமொழியில் சொன்னபடியே அளந்தேன். ஒரு வோல்ட் டாங்கிள், கணினியில் ஒரு வோல்ட்டைச் சரியாகவே தந்தது. என் கைப்பேசியில் ஒலியளவை முழுதும் ஏற்றியும் அரை வோல்ட்டைக்கூட எட்டவில்லை. இரண்டாவது மறுமொழி இல்லாவிட்டால் அதை என் ஹெட்போனின் குறை என்றே எண்ணியிருப்பேன். 2 வோல்ட் டாங்கிள் இரண்டிலும் ஒரே அளவைத் தந்தது. 33 ஓம் சோதனையில் இரண்டுமே 1 ஓமுக்குள்தான் வந்தன.

அளவைச் சமப்படுத்தி, கணினியில், நண்பர் மாற்றிச் செருக, பத்து முறை கேட்டேன். 300 ஓம் ஹெட்போனில் ஐந்து முறை சரியாகச் சொன்னேன். அதாவது எனக்கு வேறுபாடு தெரியவில்லை. முன்பே பெயரைப் பார்த்துக் கேட்டபோது 2 வோல்ட் வகை 'விரிவாக' இருப்பதாக நானே நண்பரிடம் சொல்லியிருந்தேன்.

இன்-இயரில், நிசப்தக் கோப்பில், ஹை கெய்னில் வைத்த 2 வோல்ட் டாங்கிள் மெல்ல 'ஸ்ஸ்' என்றது; லோ கெய்னுக்கு மாற்றியதும் அது காதிலிருந்து போய்விட்டது. ஒரு வோல்ட் வகை தொடக்கத்திலிருந்தே அமைதி. மடிக்கணினியின் கீச்சொலி இரண்டிலுமே இல்லை. மவுஸை எவ்வளவு ஆட்டியும் ஒன்றும் கேட்கவில்லை.

ஒலியளவுப் பொத்தான்களும் கழற்றும் கேபிளும் உள்ள 2 வோல்ட் வகையையே வாங்கப் போகிறேன். ஒரே ஒரு ஐயம் மட்டும் மீதி இருக்கிறது. கழற்றி மீண்டும் செருகும் ஒவ்வொரு முறையும் அது ஹை கெய்னுக்கே திரும்பிவிடுகிறது. இதை நிலையாக வைக்க வழி உண்டா?

மறுமொழி 2

பல மாதிரிகளில் அந்த அமைப்பு தயாரிப்பாளரின் சொந்தச் செயலி வழியாகத்தான் நினைவில் பதியும். பொத்தானை அழுத்தி மாற்றினால் மின்சாரம் போனதும் மறந்துவிடும். ஒருமுறை செயலியை நிறுவி, அதில் லோ கெய்னைத் தேர்ந்தெடுத்துச் சேமித்துப் பாருங்கள். பிறகு செயலியை நீக்கிவிட்டு, டாங்கிளைக் கழற்றிச் செருகி, இன்-இயரை மேசை மேல் வைத்தபடியே சரிபாருங்கள். அப்போதும் ஹை கெய்னுக்கே திரும்பினால், வாங்குவதற்கு முன் அதே வரிசையில் கெய்னை நகர்த்தும் ஸ்விட்ச் உடலிலேயே உள்ள மாதிரி இருக்கிறதா என்று தேடுங்கள்.